கரையும் நரம்பைப் படம் பிடிக்க முடியுமா?

“எழுதும்போது பேனா கைக்கு அடங்குகிறதா? சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுக்கொள்கிறீர்களா? படுக்கையில் திரும்பிப் படுத்துப் போர்வையைச் சரிசெய்ய முடிகிறதா? மாடி ஏறக் கைப்பிடி தேவைப்படுகிறதா? எத்தனை தலையணை வைத்தால் மூச்சு சுலபமாக வருகிறது?”

மோட்டார் நியூரான் நோய்க்கு (எம்.என்.டி.) மருந்து சோதிக்கும் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் இந்த ரீதியில் 12 கேள்விகள் காத்திருக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எல்லாம் சரியாக இருந்தால் 48. இந்தக் கேள்வித்தாளின் இப்போதைய வடிவம் 1999-இல் வெளியானது. அன்று முதல் இன்றுவரை இந்த நோய்க்கு வந்த மருந்துகளின் தலையெழுத்தைப் பெரும்பாலும் எழுதியது இந்த 48 மதிப்பெண்தான்.

கேள்விகளைக் குறை சொல்ல முடியாது. மனிதர் எதை இழந்துகொண்டிருக்கிறார் என்பதைச் சுற்றி வளைக்காமல் கேட்கின்றன. வினை வருவது கூட்டலில். 30 மதிப்பெண் வாங்கிய ஒருவர் ஊரைச் சுற்றி நடப்பார். ஆனால் பேச்சு போயிருக்கும், கஞ்சி விழுங்கினாலும் புரையேறும். அதே 30 வாங்கிய இன்னொருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி கணீரென்று பேசுவார். எச்சில் ஒழுகுவதைக் குறைக்க மாத்திரை கொடுத்தால் மதிப்பெண் ஏறும். ஆனால் செத்துப்போன ஒரு நரம்பணுகூடத் திரும்பி வந்திருக்காது. சராசரியாக மாதத்துக்கு ஒரு மதிப்பெண் என்ற அளவில் சரிவு இருக்கும். அந்தச் சரிவை மருந்து கொஞ்சம் மட்டுப்படுத்தியதா என்று கண்டுபிடிக்க நூற்றுக்கணக்கான நோயாளிகளைப் பல மாதங்கள், சில சமயம் ஒரு வருடத்துக்கு மேலும் பின்தொடர வேண்டும். அறிகுறி தொடங்கியதிலிருந்து பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடும் நோயில் அந்தக் காத்திருப்பு சாதாரண விஷயமில்லை.

அதனால்தான் நோயாளியின் பதிலோடு நிற்காமல் நரம்பையே நேராகப் பார்த்துவிடலாம் என்ற ஆசை கால் நூற்றாண்டுக்கும் மேலாக நரம்பியல் மருத்துவர்களை விடாமல் துரத்துகிறது. மூளையை, தண்டுவடத்தை, தசையை வரிசையாகப் படமெடுத்து நோய் எங்கே தொடங்கியது, எங்கே போகிறது, எவ்வளவு வேகம் என்று சொல்லிவிட முடியுமா? எம்.ஆர்.ஐ., பெட், அல்ட்ரா சவுண்ட் என்று எல்லாவற்றையும் இதில் இறக்கிப் பார்த்தாகிவிட்டது. அறிவியல் இதழ்களில் அடிக்கடி கண்ணைப் பறிக்கும் வண்ணப் படங்கள் வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது: இந்தப் படத்தால் யாருடைய எந்த முடிவு மாறுகிறது?

சார்கோ கண்டது பிணத்தில்

பாரிஸ் நகரத்தின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் 1860-களில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தார்கள். வீட்டுக்குத் திரும்ப வழியில்லாதவர்கள். அங்கே மருத்துவராக இருந்த ஜான் மார்ட்டின் சார்கோ அவர்களை வருடக்கணக்கில் கவனித்துக் குறிப்பெடுப்பார். யார் கை சூம்புகிறது, யார் கால் விறைக்கிறது, யார் நாக்கு தடுமாறுகிறது என்று எழுதி வைப்பார். அவர்கள் இறந்தபிறகு மூளையையும் தண்டுவடத்தையும் அறுத்து நுண்ணோக்கியில் பார்த்துத் தன் குறிப்போடு பொருத்துவார். 1869-இல் தொடங்கி 1874-க்குள், தசை சூம்பலும் தண்டுவடப் பக்கவாட்டு இழைகளின் இறுக்கமும் சேர்ந்த ஒரு தனி நோயை அவர் வரையறுத்துவிட்டார். பிரான்ஸில் இன்றும் இது ‘சார்கோ நோய்’. அமெரிக்காவில் லூ கெரிக் நோய்: தொடர்ந்து 2,130 ஆட்டங்களில் ஆடிய அந்த பேஸ்பால் வீரர் 1939-இல் இந்த நோயால் மட்டையைக் கீழே வைத்தார், இரண்டே ஆண்டில் இறந்தார். ஏ.எல்.எஸ். என்ற சுருக்கப்பெயரும் உண்டு; மோட்டார் நியூரான் நோய்களில் அதிகம் காணப்படும் வகை அதுதான்.

நம் உடலை அசைக்கும் கட்டளை இரண்டு கட்டமாகப் போகிறது. மூளைப் புறணியிலிருந்து ஒரு நரம்பணு தண்டுவடம் வரை இறங்குகிறது. அங்கே காத்திருக்கும் இரண்டாவது நரம்பணு கட்டளையை வாங்கித் தசைக்குக் கடத்துகிறது. பாதத்தை அசைக்கும் நரம்பணுவின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். ஏ.எல்.எஸ். இந்த இரண்டு கட்டத்தையும் அரிக்கிறது. மேல் நரம்பணு சாகும்போது கைகால் விறைக்கும், சுத்தியலால் தட்டினால் முழங்கால் துள்ளும். கீழ் நரம்பணு சாகும்போது தசை சூம்பும், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கும். தொடுவுணர்வும் கண்ணசைவும் பெரும்பாலும் கடைசிவரை தப்பிவிடும்.

கீழ் நரம்பணுவின் சேதத்தைக் கண்டுபிடிக்க, தசையின் மின்சைகையை அளக்கும் இ.எம்.ஜி. ஊசி இருக்கிறது. மேல் நரம்பணுவுக்கு அப்படி ஒரு ஊசி இல்லை. சுத்தியலும் மருத்துவரின் அனுபவமும்தான். அதிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. தசையே சூம்பிப்போனபின் சுத்தியலால் எத்தனை தட்டினாலும் துள்ள என்ன இருக்கிறது? கீழே நடக்கும் அழிவு மேலே நடக்கும் அழிவை மறைத்துவிடும். சார்கோ பிணத்தில் கண்டதை உயிரோடு இருப்பவரிடம் காண வேண்டும் என்ற தேவை மற்ற எதையும்விட இந்த மேல் நரம்பணு விஷயத்தில்தான் அதிகம்.

‘நார்மல்’ என்று வரும் ரிப்போர்ட்

கை சூம்புகிறது, நாக்கு குழறுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்தால் ‘மூளை நார்மல்’ என்று ரிப்போர்ட் வருகிறது. குடும்பம் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்குகிறது. மறுநாள் நரம்பியல் மருத்துவர் அந்த நார்மலைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தை இறுக்கிக்கொள்கிறார்.

வழக்கமான எம்.ஆர்.ஐ. இந்த நோயைக் காட்டுவதற்காக எடுக்கப்படுவதில்லை. கழுத்தெலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை நசுக்குகிறதா, கட்டி இருக்கிறதா, வேறு அழற்சி உண்டா என்று மற்றவற்றைக் கழித்துப் பார்ப்பதற்காக எடுப்பது. 2020-இல் வெளியான ‘கோல்ட் கோஸ்ட்’ வரையறையும் படத்தை இந்த இடத்தில்தான் வைத்திருக்கிறது: வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்யும் சாட்சி. சிலருக்கு நரம்புப் பாதை நெடுக வெளுத்த கோடு தெரியும். சிலருக்கு அசைவைக் கட்டுப்படுத்தும் புறணியில் இரும்பு படிந்து கறுத்த பட்டை தெரியும். ஆனால் வெளுத்த கோடு நோயே இல்லாதவருக்கும் தெரிவதுண்டு. அதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

கழிப்பதிலும் அபாயம் இருக்கிறது. 50 வயது தாண்டியவர் கழுத்தை ஸ்கேன் செய்தால் ஏதாவது ஒரு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். கை சூம்பியதற்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டி முதுகெலும்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பிறகும் நோய் நிற்காமல், கடைசியில் எம்.என்.டி. என்று அறிந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் நிறைய உண்டு. முதல் அறிகுறிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் இடையே சராசரியாக ஒரு வருடம் ஓடிவிடுகிறது என்றால், அதில் இப்படிப்பட்ட சுற்றுவழிகளுக்குப் பங்குண்டு.

ஆனால் இதே கழிக்கும் வேலையில் படம் ஒரு பையனின் வாழ்க்கையையே திருப்பிக்கொடுக்கிற சந்தர்ப்பமும் உண்டு. அது நம் பகுதி மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை.

பதினெட்டு, இருபது வயதுப் பையன். ஒரு கையில் விரல்கள் மெலிகின்றன. உள்ளங்கைச் சதை வற்றுகிறது. குளிர் பட்டால் விரல் இன்னும் மரத்துச் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீட்டிப் பிடித்தால் நடுங்குகிறது. இ.எம்.ஜி. செய்தால் கீழ் நரம்பணு சேதம் என்று வருகிறது. இணையத்தில் தேடிய அப்பாவுக்கு எம்.என்.டி. என்ற மூன்றெழுத்து கிடைத்துவிட்டது. வீடே இடிந்து உட்கார்ந்திருக்கிறது. நேராகப் படுக்கவைத்து எடுத்த கழுத்து ஸ்கேனில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. மிஞ்சிப்போனால் தண்டுவடம் ஓரிடத்தில் சற்று மெலிந்து தெரியும்.

அதே பையனைத் தலையை முன்னால் குனியவைத்து ஸ்கேன் எடுத்தால் காட்சி மாறுகிறது. தண்டுவடத்தைப் போர்த்தியிருக்கும் உறையின் பின்சுவர் இடம்விட்டு முன்னால் நகர்ந்து, தண்டுவடத்தை எலும்போடு சேர்த்து அழுத்துகிறது. பின்னால் உண்டான இடைவெளியில் இரத்தநாளங்கள் புடைத்துப் பிறைநிலா வடிவில் வெள்ளையாக மின்னுகின்றன. புத்தகத்தை மடியில் வைத்துக் குனியும் ஒவ்வொரு முறையும் இதுதான் நடந்திருக்கிறது. இது ஹிராயாமா நோய். ஜப்பானியர் கெய்சோ ஹிராயாமா 1959-இல் விவரித்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் கௌரி தேவியும் சகாக்களும் 1984-இல் ‘ஒற்றை அவயவச் சூம்பல்’ என்று இதே தன்மையுள்ள நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். ஜப்பானைப் போலவே இந்தியாவிலிருந்தும் இதைப் பற்றி நிறையக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. சில ஆண்டுகள் வளர்ந்து, பிறகு தானாகவே நின்றுவிடும். கழுத்து குனியாமல் காலர் போட்டால் சீக்கிரமே நிற்க வாய்ப்பு அதிகம். உயிருக்கு ஆபத்து கிடையாது.

ஸ்கேன் மேசையில் கழுத்தைச் சற்று வளைக்கச் சொல்லும் அந்த ஒரு வரிக் குறிப்பை மருத்துவர் எழுதினாரா, டெக்னீஷியன் செய்தாரா என்பதில் மரண தண்டனையும் விடுதலையும் அடங்கியிருக்கிறது. இந்தத் துறையில் எத்தனையோ கோடி ரூபாய்க் கருவிகள் இருந்தும், படத்தின் ஆகப் பெரிய வெற்றி இந்தக் குனிந்த கழுத்துதான் என்பது என் கணிப்பு.

நம்மூர்ப் பெயரையே தாங்கிய ஒரு வகையும் இருக்கிறது. 1970-இல் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி ஆகியோர் சென்னையில் இளம் வயதினரிடம் கண்டு எழுதியது ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’. கைகால் சூம்பலோடு முகத்தசைத் தளர்ச்சியும் காது கேளாமையும் சேர்ந்து வரும். மெதுவாக, பல்லாண்டு நகரும். ஒரே பெயருக்குள் எத்தனை வேகங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நீர் சொல்லும் சேதி

மேல் நரம்பணுவுக்கு ஊசி இல்லை என்றோம். அந்த இடத்தை நிரப்ப வந்தது டி.டி.ஐ. என்னும் எம்.ஆர்.ஐ. முறை. பீட்டர் பாஸர் குழு 1994-இல் முன்வைத்தது. மூளைக்குள் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் நகர்ந்துகொண்டே இருக்கும். கரும்புக் கட்டின்மீது விட்ட எறும்புகள் கரும்பின் நீளவாக்கில் சுலபமாக ஓடும், குறுக்கே கடக்கத் திணறும் அல்லவா? நரம்பிழைக் கட்டுக்குள் நீரும் அப்படித்தான். இழைகள் சிதைந்தால் குறுக்கே நகர்வது கூடும். எவ்வளவு ஒழுங்காக ஒரே திசையில் நகர்கிறது என்பதை 0 முதல் 1 வரை ஒரு எண்ணாகச் சொல்லலாம். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் பாதையில் அந்த எண் ஏ.எல்.எஸ். நோயாளிகளுக்குக் குறைந்திருப்பதை லண்டன் குழு ஒன்று 1999-இல் காட்டியது. அதன்பிறகு உலகம் முழுக்கப் பல குழுக்கள் அதையே திரும்பத் திரும்ப உறுதிசெய்துவிட்டன.

இதில் எனக்குப் பிடித்த அத்தியாயம் ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் நடந்தது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் மிகப் பெரும்பாலானவர்களின் நரம்பணுக்களில் டி.டி.பி.-43 என்ற புரதம் திரிந்து கட்டியாகக் கிடக்கும், 2006-இல் கண்டுபிடித்தது. 2013-இல் பிரெட்ஷ்னைடர், பிராக் முதலானோர் இறந்த 76 நோயாளிகளின் மூளைகளைச் சீவிப் பார்த்து, இந்தப் புரதம் அசைவுப் புறணியில் தொடங்கி நான்கு கட்டமாக முன்மூளை வழியே நினைவுப் பகுதிவரை பரவுகிறது என்று வரைபடம் போட்டார்கள். சார்கோவின் அதே வழி, புதிய சாயம். மறு ஆண்டே யான் கஸுபெக் குழு உயிரோடிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட நோயாளிகளை டி.டி.ஐ. எடுத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நரம்புப் பாதையைத் தேர்ந்து அளந்து, அந்த நான்கு கட்டமும் உயிருள்ள மூளையிலும் தெரிகின்றன என்று காட்டியது. புரதத்தை ஸ்கேன் நேராகப் பார்க்கவில்லை. அது போன வழியில் விட்டுச்சென்ற சேதத்தைப் பார்த்தது. என்றாலும் பிணவறை மேசைக்கும் ஸ்கேன் அறைக்கும் இடையே முதன்முதலாக ஒரு பாலம் விழுந்தது.

இங்கேதான் பத்திரிகைச் செய்திகள் கைதட்டி நிறுத்திக்கொள்ளும். நாம் இன்னும் கொஞ்சம் போக வேண்டும். நூறு நோயாளிகளின் சராசரியையும் நூறு ஆரோக்கியமானவர்களின் சராசரியையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஆனால் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் இந்த ஒருவரின் எண்ணை மட்டும் காட்டி நோய் இருக்கிறதா என்று கேட்டால் பதில் தடுமாறும். இரண்டு கூட்டத்தின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று அவ்வளவு படிந்து கிடக்கின்றன. போதாக்குறைக்கு, கருவி மாறினால் எண் மாறும். ஒரே கருவியில் மென்பொருளைப் புதுப்பித்தாலும் எண் நகரும். நோயாளியின் நரம்பு ஆறு மாதத்தில் நகர்வதைவிட இந்த நகர்வு பெரிதாக இருந்துவிட்டால் யாரை நம்புவது?

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பல நாட்டுக் குழுக்கள் நிசால்ஸ் என்ற அமைப்பின்கீழ் படங்களை ஒன்றாகக் கொட்டி, 2016-இல் நானூறுக்கும் மேற்பட்ட ஸ்கேன்களைச் சேர்த்து ஆராய்ந்தன. கனடாவில் எட்மன்டன் நகரத்து சஞ்சய் கால்ரா தலைமையில் பல ஊர் ஸ்கேன் கருவிகளை ஒரே தாளத்துக்குக் கொண்டுவரும் கூட்டமைப்பு நடக்கிறது. தலைப்புச் செய்தியாக வராத வேலை. ஆனால் நாளைக்கு ஒரு மருந்துச் சோதனை ஸ்கேனை நம்ப வேண்டுமென்றால் இந்தச் சலிப்பான வேலை முடிந்தாக வேண்டும்.

படுக்க முடியாதவரை எப்படி ஸ்கேன் எடுப்பது?

ஸ்கேன் எடுக்க என்ன வேண்டும்? மல்லாந்து படுக்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் அசையாமல் இருக்க வேண்டும். எச்சில் தொண்டையில் தேங்கினாலும் இருமக்கூடாது. குழாய்க்குள் கைகளை ஒட்டவைத்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

எம்.என்.டி. முற்றும்போது முதலில் போவது எது? மல்லாந்து படுப்பது. உதரவிதானம் தளர்ந்தவரைச் சமமாகப் படுக்கவைத்தால் வயிறு மேலேறி மூச்சை அடைக்கும். அவர் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து தூங்குபவர். எச்சிலை விழுங்க முடியாதவர். இரவில் அவருக்கு மூச்சுக்கு உதவும் பைபேப் கருவியைக் காந்தம் இருக்கும் அறைக்குள் கொண்டுபோக முடியாது.

விளைவு என்ன? முதல் ஸ்கேனுக்கு எல்லோரும் வருகிறார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஸ்கேனுக்குச் சிலர் வருவதில்லை. ஒரு வருடத்தில் இன்னும் குறைவு. வராமல் போனவர்கள் யார்? நோய் வேகமாக ஓடியவர்கள். ஆக, ‘நோய் எப்படி வளர்கிறது’ என்ற படத்தொடரில் கடைசிவரை நிற்பவர்கள் நோய் மெதுவாக வளர்ந்தவர்கள். வளர்ச்சியை அளக்கப் புறப்பட்ட ஆய்வில் அதிகம் வளர்ந்தவர்களே விடுபட்டுப்போகிறார்கள். ‘ஆறு மாதத்தில் மூளையில் மாற்றம் சிறிதளவே’ என்று ஒரு ஆய்வு சொன்னால், எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்ற அட்டவணையை முதலில் பார்த்துவிடுங்கள்.

இந்த முட்டுச்சந்தில்தான் சிலர் மூளையை விட்டுவிட்டுத் தசையின் பக்கம் திரும்பினார்கள். எனக்கு இது புத்திசாலித்தனமான திருப்பமாகப் படுகிறது. கால் தசையை ஸ்கேன் எடுக்கத் தலை குழாய்க்குள் போகவேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு குழு உடல் முழுக்கத் தசைகளை எம்.ஆர்.ஐ. எடுத்துத் தொடர்ந்தது: நரம்பு கைவிட்ட தசையில் முதலில் நீர் கூடி வெளுக்கும், பிறகு கொழுப்பு புகும். நியூகாசில் நகரத்து ரோஜர் விட்டக்கர் குழு இன்னும் ஒரு படி போய், தசைத் துடிப்பையே எம்.ஆர்.ஐ.யில் பிடித்தது. ஒரு நரம்பணு தானாகத் துடிக்கும்போது அது ஆளும் தசையிழைகள் மட்டும் சுருங்கும். அடுத்தடுத்து எடுக்கும் படங்களில் அந்த இடம் ஒரு கணம் கறுத்து மறையும். சலனமில்லாத தொடைத் தசையின் குறுக்குவெட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்புத் திட்டு தோன்றித் தோன்றி மறைவதைத் திரையில் எண்ணலாம். ஊசி குத்தவேண்டியதில்லை, ஊசி எட்டாத ஆழத்திலும் தெரியும்.

அதைவிட எளிது அல்ட்ரா சவுண்ட். கருவியை நோயாளியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே தள்ளிக்கொண்டு வரலாம். தசையின் தடிமனை அளக்கலாம், துடிப்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். தசை நலிய நலிய அதன் படம் வெளுத்துக்கொண்டே போகும். மாவட்டத் தலைநகரங்களில்கூடக் கருவி கிடைக்கும். பயிற்சி பெற்ற கைதான் குறைவு.

ஒரு துளி இரத்தத்தோடு போட்டி

பெட் ஸ்கேன் வேறு ஒரு கேள்வியைக் கேட்கிறது. கதிரியக்கக் குளுக்கோஸைச் செலுத்தி மூளையில் எங்கே சோர்வு, எங்கே பரபரப்பு என்று பெல்ஜியத்தின் லூவனிலும் இத்தாலியின் டூரினிலும் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். இன்னொரு வகை, நரம்பணுக்களைச் சுற்றியிருக்கும் காவல் செல்கள் வெகுண்டெழுந்திருக்கின்றனவா என்று காட்டும். அதற்குப் பயன்படும் கார்பன்-11 அணு 20 நிமிடத்தில் பாதியாகிவிடும். மருத்துவமனை வளாகத்திலேயே சைக்ளோட்ரான் இருந்தால்தான் சாத்தியம்.

பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை இந்த ஸ்கேனை ஒரு மருந்துச் சோதனையின் நடுவராகவே உட்காரவைத்தது. இபுடிலாஸ்ட் என்ற மருந்து காவல் செல்களின் கொந்தளிப்பை அடக்கும் என்ற நம்பிக்கை. சில பத்து நோயாளிகளுக்குக் கொடுத்து, பெட் ஸ்கேனில் கொந்தளிப்பு தணிகிறதா என்று அளந்தார்கள். தணியவில்லை என்று 2021-இல் முடிவு வந்தது. தோல்விதான். ஆனால் அந்தத் தோல்வியை அறிய நூற்றுக்கணக்கானோரைப் பல வருடம் காத்திருக்கவைக்கவில்லை. படத்தால் முடிவு மாறும் இடம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதற்கிடையே படத்துக்கு ஒரு போட்டியாளர் வந்துவிட்டார். நரம்பிழை உடையும்போது உள்ளிருக்கும் நியூரோஃபிலமென்ட் என்ற புரதம் முதுகுநீரிலும் இரத்தத்திலும் கசியும். ஒரு குழாய் இரத்தம் போதும், மல்லாந்து படுக்கவேண்டியதில்லை. எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ளவர்கள் ஏ.எல்.எஸ். நோயாளிகளில் சுமார் 2 சதவீதம். அவர்களுக்கான டோஃபர்சன் மருந்து, 28 வாரச் சோதனையில் அந்த 48 மதிப்பெண்ணில் தெளிவான வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் இந்தப் புரதம் கணிசமாகக் குறைந்தது. அதை ஆதாரமாக ஏற்று 2023 ஏப்ரலில் அமெரிக்க எஃப்.டி.ஏ. விரைவு அனுமதி கொடுத்தது. ஸ்கேன்காரர்கள் கால் நூற்றாண்டாகத் தேடிய நாற்காலியில் ஒரு குழாய் இரத்தம் போய் உட்கார்ந்துகொண்டது. மரபணுக் கோளாறு இருந்தும் இன்னும் நோய் வராதவர்களுக்கு இந்தப் புரதம் ஏறத் தொடங்கியதுமே மருந்து தரும் ‘அட்லஸ்’ என்ற சோதனையும் தொடங்கியது.

படம் தோற்றுவிட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரத்தம் நரம்பு உடைவதைச் சொல்லும். எந்த நரம்பு, மேலா கீழா, அசைவுப் பகுதியா சிந்தனைப் பகுதியா என்று சொல்லாது. ஏ.எல்.எஸ். நோயாளிகளில் பாதிப் பேர்வரை சிந்தனை, நடத்தையில் மாற்றம் ஏற்படுகிறது. சி9ஓஆர்எஃப்72 என்ற மரபணுக் கோளாறு உள்ள குடும்பங்களில் அறிகுறி தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையின் சில பகுதிகள் சுருங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. காட்டியிருக்கிறது. ‘எங்கே’ என்ற கேள்விக்கு இன்னும் படத்தைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது.

‘எவ்வளவு காலம்’ என்ற கேள்வியையும் படத்திடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு 2017-இல் 135 நோயாளிகளின் எம்.ஆர்.ஐ. படங்களைச் செயற்கை நுண்ணறிவுக்குக் கொடுத்து, குறைந்த, நடுத்தர, நீண்ட ஆயுள் என்று பிரிக்கச் சொன்னது. மருத்துவக் குறிப்புகள் மட்டும் கொடுத்தால் 68.8 சதவீதம் சரி. படங்கள் மட்டும் கொடுத்தால் 62.5. இரண்டையும் சேர்த்தால் 84.4. கடைசி எண்ணை மட்டும் எடுத்துப்போட்டுத் தலைப்பு வைப்பது சுலபம். தேர்வுக்கு உட்காரவைத்தவர்கள் 32 பேர்; அதாவது 27 பேருக்குச் சரி, 5 பேருக்குத் தப்பு. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது: படம் தனியாக நின்றபோது, உட்கார்ந்து பேசி எழுதிய குறிப்பைவிடப் பின்தங்கியே இருந்தது. அந்த ஐந்து பேரில் ஒருவராக நம் வீட்டு ஆள் இருந்து, தப்பான கணக்கை நம்பிச் சொத்தையும் மருத்துவத்தையும் தீர்மானித்தால்? உட்ரெக்ட் முயற்சி நல்ல முயற்சி. ஒருவரிடம் ‘உங்களுக்கு இவ்வளவு காலம்’ என்று சொல்லும் தகுதி அதற்கு வரவில்லை.

இன்று எந்தப் படம் உதவும்?

ஆராய்ச்சிக் கூடத்தை விட்டு வார்டுக்கு வந்தால், நோய் உறுதியானபின் மாதாமாதம் மூளை ஸ்கேன் எடுக்கச் சொல்லும் நரம்பியல் மருத்துவர் யாரும் இல்லை. ‘இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமே’ என்று ஆதங்கப்படும் உறவினர்களுக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்: அந்தக் காசு சக்கர நாற்காலிக்கும் பைபேப் வாடகைக்கும் போகட்டும். ஆராய்ச்சியில் சேர அழைப்பு வந்தால் அது வேறு விஷயம். அங்கே ஸ்கேன் செலவு ஆய்வுக் குழுவுடையது.

ஆனால் இரண்டு எளிய படங்கள் உண்மையிலேயே சிகிச்சையைத் திருப்புகின்றன. ஒன்று, உதரவிதானத்தின் அல்ட்ரா சவுண்ட். மூச்சிழுக்கும்போது அந்தத் தசை எவ்வளவு தடிக்கிறது, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். முகத்தசை தளர்ந்து, மூச்சளவுக் கருவியின் குழாயை உதடு கவ்வ முடியாதவருக்கு இது பெரிய உதவி. இரவில் பைபேப் எப்போது தொடங்குவது என்ற முடிவுக்கு இதுவும் ஒரு கை கொடுக்கும்.

இரண்டாவது, விழுங்கும் எக்ஸ்-ரே வீடியோ. நோயாளியை உட்காரவைத்தே எடுப்பது. பேரியம் கலந்த தண்ணீர், கூழ், பிஸ்கட் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, வாயிலிருந்து இரைப்பைக்குப் போகும் வழியை ஓடும் படமாகப் பார்ப்பார்கள். தண்ணீர் நேராக மூச்சுக்குழல் வாசலுக்குச் சரிகிறதா, கூழ் தொண்டைக் குழியில் தங்கிவிடுகிறதா, தங்கியதை இருமித் தள்ளச் சக்தி இருக்கிறதா என்று திரையில் தெரியும். தாடையை மார்போடு சேர்த்து விழுங்கினால் மூச்சுக்குழலுக்குப் போவது குறைகிறதா என்று அங்கேயே முயன்று பார்க்கலாம். மறுநாள் சமையலறையில் என்ன மாற வேண்டும் என்பது அந்தச் சில நிமிட வீடியோவிலேயே இருக்கும்: ரசத்தைக் கெட்டியாக்குவதா, இட்லியைக் குழைப்பதா, வாய்வழி உணவையே குறைத்துக்கொள்வதா என்று. வயிற்றில் உணவு செலுத்தும் குழாய் பொருத்த வேண்டுமென்றால் மூச்சளவு பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன்னால் செய்துவிடுவது பாதுகாப்பு என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அந்தப் பேச்சை இன்றே எடுக்கலாமா, அடுத்த மாதம் வரை பொறுக்கலாமா என்று மருத்துவரும் குடும்பமும் உட்கார்ந்து முடிவெடுப்பது இந்த வீடியோவையும் மூச்சளவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.